சுமாரானவர்களுக்கான பலகை

ஜேடர்பாளையத்தில் இருந்துகொண்டு, பனிச்சறுக்குப் பலகை சோதிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? என் மச்சினனே நம்பவில்லை. நான் மணாலியில் இட்லிக் கடை வைத்திருந்ததாகத்தான் அவனுடைய சம்பந்தி வீட்டில் சொல்லி வைத்திருக்கிறான். விளக்கிச் சொல்லி அலுத்துப்போய் நானும் விட்டுவிட்டேன். வெயிலுக்குப் பயந்து பகலெல்லாம் வீட்டுக்குள் கிடக்கிற ஊரில் பனியைப் பற்றி எவ்வளவுதான் பேசுவது!

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் பிரகாஷ். எனக்குப் பிறகு அந்த வேலைக்கு வந்தவன். திருச்செங்கோட்டுக்காரன். போன வாரம் செல்போனில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். மணாலியில் நாங்கள் பலகை வாடகைக்கு விட்ட கடையில் புதிதாக ஒரு மெஷின் வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் அதன் மேல் ஏறி நின்று முட்டியை மடக்கி நிமிர்த்தினால் போதும். உயரம், எடை, எந்தக் காலை அதிகம் ஊன்றுகிறார் என்பதெல்லாம் பார்த்து, இவருக்கு இந்தப் பலகை என்று திரையில் காட்டிவிடுகிறது.

"ஏனுங்ணா, இதெல்லாம் இல்லாத காலத்துல நீங்க என்னதானுங்க பண்ணுனீங்க? இங்க பசங்க கேக்கறாங்க. கொஞ்சம் எழுதிக் குடுங்கண்ணா" என்றான்.

மெஷின் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. பிரகாஷ் அனுப்பிய வீடியோவை நாலைந்து தடவை போட்டுப் பார்த்து வாயைப் பிளந்தவன் நான். ஆனால் அவன் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் சிராஜ் பாயையும் பாவாயி அக்காவையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

என் முதல் வேலை நாமக்கல்லில், லாரிக்குப் பட்டை வளைக்கிற பட்டறையில். லாரிக்கு அடியில், அச்சுக்கு மேலே, வில்லாக வளைந்த இரும்புத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்குமே, அதுதான் பட்டை. ஒருநாள் ஒரு வேன் பட்டை முறிந்து வந்து நின்றது. வேனுக்குச் சொந்தக்காரர் சிராஜ் பாய். சேலத்து ஜவுளி வியாபாரக் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லோரும் துணியைப் பார்த்துக்கொள்ள, இவர் மட்டும் நம் பக்கத்து ஆட்களை மணாலிக்கு அழைத்துப்போகும் தொழிலில் இறங்கியிருந்தார். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஆபீஸ். மணாலியில் கம்பளிக் கோட்டும் சறுக்குப் பலகையும் வாடகைக்கு விடும் கடை. வேலை முடியும்வரை சும்மா இருக்க மாட்டாமல், வேனிலிருந்து நீளமாக ஒரு பலகையை எடுத்து வந்து எங்கள் மேஜை மேல் வைத்தார்.

"இது என்னன்னு தெரியுதாப்பா?"

தலையும் வாலும் மேஜையைத் தொட்டுக்கொண்டிருக்க, நடுப்பகுதி மட்டும் துளி எழும்பி நின்றது. உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். படிந்தது. கையை எடுத்தேன். எழுந்துகொண்டது. இரும்பே இல்லாமல் மரத்தையும் நாரையும் ஒட்டி, ஓரத்தில் மட்டும் மெல்லிய எஃகு வைத்து, ஒரு ஆளின் எடையை வாங்கிக்கொண்டு திருப்பித் தருகிற மாதிரி எவனோ செய்திருக்கிறான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"பட்டைங்க. ஒத்தப் பட்டை" என்றேன்.

பாய் சிரித்துவிட்டார். அடுத்த குளிர்காலத்தில் நான் மணாலியில் இருந்தேன்.

கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விழுந்தேன், எழுந்தேன், மறுபடி விழுந்தேன். முதல் தடவை பனி முழுக்க மூடிய மலையைப் பார்த்தபோது கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். அவ்வளவு பெரிதாக ஒன்று அவ்வளவு சத்தமில்லாமல் இருக்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. நாமக்கல் பட்டறைத் தெருவில் காதுக்குள் சம்மட்டி விழுந்துகொண்டே இருந்தவன் அல்லவா. பட்டறைப் புத்தியும் உடனே போய்விடவில்லை. லாரிப் பட்டை விறைப்பாக இருந்தால்தான் பாரம் தாங்கும். அதே கணக்கில் கடையிலேயே விறைப்பான பலகைகளாகப் பொறுக்கி, "இதுதானுங்க நல்ல சரக்கு" என்று பாயிடம் அடுக்கினேன். அவர் அதில் ஒரு ஜோடியை என் காலிலேயே மாட்டிவிட்டார். திரும்பச் சொன்னால் திரும்பாது, நிற்கச் சொன்னால் நிற்காது. நேரே போய் ஒரு டீக்கடையின் பின்சுவரில் சாய்ந்தேன். அதோடு அந்தப் புத்தி தெளிந்தது.

பலகையில் பல ரகம் உண்டு. பந்தயத்துக்கு என்று ஒல்லியாக, விறைப்பாக ஒன்று. புதுப்பனியில் மிதப்பதற்கு என்று அகலமாக ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இன்னொரு ரகம். காலையில் கல்லாக இறுகிக் கிடக்கும் பனி, மதியம் இளகிக் குழம்பும் பனி, ராத்திரி விழுந்த தூள்பனி, எல்லாவற்றிலும் ஓரளவு போகும். வெளிநாட்டுக்காரர்கள் அதை ஆல் மவுண்டன் என்பார்கள். பாய் பொதுப் பலகை என்பார். எங்கள் கடையின் பிழைப்பே அந்தப் பொதுப் பலகையில்தான் ஓடியது.

காரணம் எங்கள் வாடிக்கையாளர்கள். சேலம், நாமக்கல், ராசிபுரம் என்று கூட்டம் கூட்டமாக வருவார்கள். முதல் தடவை வருகிறவர்கள் பனியில் விழுந்து புரண்டு, படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதில் சிலருக்கு மட்டும் பித்துப் பிடித்துவிடும். அடுத்த வருஷமும் வருவார்கள், அதற்கடுத்த வருஷமும் வருவார்கள். நிற்கத் தெரியும், திரும்பத் தெரியும், செங்குத்தான இடம் வந்தால் நின்றுவிடுவார்கள். அவர்களைப் பாய் 'சுமாரானவங்க' என்பார். நம் பக்கத்தில் சுமார் என்பது பெண் பார்த்துவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கிச் சொல்கிற வார்த்தை. பாய் வாயில் அது மரியாதைப் பட்டம்.

"நல்லா ஓட்டுறவன் எதைக் குடுத்தாலும் ஓட்டிருவான். புதுசா வர்றவன் எதைக் குடுத்தாலும் விழுவான். பாத்துப் பாத்துக் குடுக்க வேண்டியது சுமாரானவனுக்கு மட்டுந்தாம்ப்பா" என்பார். அதற்கு அடுத்து ஒரு உத்தரவு போட்டார். "முருகேசு, நீ இப்ப சுமாரா ஓட்டுற. இதுக்கு மேல கத்துக்காத."

உலகத்தில் எந்த முதலாளியாவது வேலைக்காரனிடம் இப்படிச் சொல்லியிருப்பாரா? மற்ற கடைப் பையன்கள் எல்லாம் உச்சிச் சரிவில் பறப்பார்கள். நான் மட்டும் நடுச்சரிவில், நடுத்தரமாக, நாளெல்லாம் பலகை மாற்றி மாற்றி இறங்கிக்கொண்டிருப்பேன். வயிறு எரியும். என்ன செய்வது, என் சுமார்தான் கடையின் தராசு.

பாய் ஒரு நாள்கூடப் பலகையில் ஏறியதில்லை. கணுக்கால்வரை தொங்கும் பழுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, டீ பிளாஸ்க்கோடு சரிவின் அடியில் நிற்பார். நான் இறங்கி வந்ததும் பலகை எப்படி என்று கேட்க மாட்டார். "யாருக்கு?" என்று மட்டும்தான் கேட்பார். பலகை நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அவருக்கு அது பதிலே இல்லை. பயந்து பயந்து திரும்புகிறவருக்கா, உடம்பு கனத்தவருக்கா, மதியத்துக்கு மேல் கால் ஓய்ந்துபோகிறவருக்கா, அதைச் சொல்ல வேண்டும்.

ஆளை எடைபோடவும் அவரிடம் ஒரு வழி இருந்தது. ஃபேர்லேண்ட்ஸ் ஆபீசில் பதிவு செய்ய வருகிறவர்களிடம் பேச்சோடு பேச்சாக, "ஏற்காட்டுலேர்ந்து வண்டியில இறங்குறப்ப பிரேக்க மிதிப்பீங்களா, கியர்ல இறங்குவீங்களா?" என்று கேட்பார். கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்கிறவர், வளைவுக்குள் போனபிறகு பிரேக்கைப் பிடிக்கிறவர், வண்டியை நிறுத்திவிட்டுச் சாமி கும்பிடுகிறவர் என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். அதை வைத்தே பலகையின் நீளத்தைச் சொல்லிவிடுவார். மணாலிக்குப் போய்ப் பார்த்தால் சரியாக இருக்கும். எனக்கு இன்றுவரை அது பிடிபடவில்லை.

இனி பாவாயி அக்கா.

சேலத்துக்குப் பக்கத்தில் இளம்பிள்ளை ஊர்க்காரர். வீட்டோடு விசைத்தறி போட்டுச் சேலை நெய்கிற குடும்பம். பொங்கல் சேலை அனுப்பி முடித்த கையோடு மணாலிக்குக் கிளம்பிவிடுவார். ஊரில் சேலையைத் தவிர வேறு உடுத்தாதவர், மலையில் மட்டும் பேன்ட்டும் ஜெர்க்கினும் போட்டுக்கொண்டு ஜம்மென்று நிற்பார். ஒவ்வொரு வருஷமும் ரோப் காரில் உச்சிவரைக்கும் போவார். எட்டிப் பார்ப்பார். அதே ரோப் காரில் நடு ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்துதான் சறுக்குவார்.

ஒரு வருஷம் வந்ததும் வராததுமாக என்னிடம் சொன்னார்: "சாமி, சித்திரைல முட்டி ஆபரேசனுக்கு நாள் குறிச்சாச்சு. அதுக்கப்பறம் இந்த ஆட்டமெல்லாம் ஆகாதுன்னுட்டாரு டாக்டரு. இந்த ஒருக்கா உச்சியிலிருந்து கீழ வரைக்கும் நானா எறங்கிப்போடோணும்."

தறிப்பக்கம் நின்று நின்று தேய்ந்த வலது முட்டி. எனக்குப் பயமாக இருந்தது.

"அக்கா, பாதியில முட்டி வாங்கிப்போச்சுன்னா என்னங்க பண்றது? ஆபரேசனே சிக்கலாயிருமுங்க."

"வாங்கிப்போற முட்டி தறிக்கிட்ட நின்னாலும் வாங்கித்தான் போவுது. உட்டுத் தள்ளு. நல்ல பலகையாப் பாத்துக் குடு, அது போதும்."

பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் வேண்டாம் என்று தடுத்துவிடுவார் என்ற நம்பிக்கை எனக்கு. அவர் ரொம்ப நேரம் பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "தங்கச்சி முடிவு பண்ணிருச்சு. நம்ம கையில இருக்கிறது பலகை மட்டும்தாம்ப்பா" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் அடுத்த சீசனுக்கு எந்தப் பொதுப் பலகையை மொத்தமாக எடுப்பது என்று பார்க்க இரண்டு மாதிரிகள் வந்திருந்தன. ஒன்று சிவப்பு, கொஞ்சம் அகலம், பார்த்தாலே கையில் எடுக்கத் தோன்றும். இன்னொன்று கறுப்பு, இடுப்புச் சிறுத்தது, ஒரு களையும் கிடையாது. பாவாயி அக்கா கடைக்குள் நுழைந்ததுமே, "அந்தச் செவப்பு எனக்கு" என்று சொல்லிவிட்டார்.

காலையிலேயே சிவப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். என்னவென்று சொல்வேன்! உடம்பைச் சாய்த்தால் போதும், பலகையே வளைந்து என்னை ஏந்திக்கொண்டு திரும்பியது. இறுகின பனியில் போனேன், ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த தூள்பனியில் போனேன், எங்கேயும் ஒரு உதறல் இல்லை. மனிதன் செய்த ஒரு பொருள் மலையோடு இவ்வளவு இணங்கிப் போகுமா என்று மலைத்துப் போனேன். கறுப்பையும் ஓட்டினேன். வேகமெடுத்தால் நடுங்கியது. தூள்பனியில் மூக்கைப் புதைத்தது.

"யாருக்கு?" என்றார் பாய்.

"செவப்பு எல்லாருக்கும் ஆகுமுங்க பாய். அக்காளுக்கும் அதுவே குடுத்தரலாம்."

பாய் டீயை ஊற்றி என்னிடம் நீட்டினார். பிறகு சரிவைக் காட்டினார். "உன் தடத்தைப் பாரு."

பார்த்தேன். நான் இறங்கி வந்த தடம், இரண்டே இரண்டு மெல்லிய கோடுகளாகப் பிசிறில்லாமல் வளைந்து வந்திருந்தது. சுமாராக ஓட்டுகிறவர்கள் திரும்பும்போது பலகை பக்கவாட்டில் சறுக்கும். துடைப்பத்தால் பெருக்கின மாதிரி தடம் அகலமாக விழும். என் தடம் அப்படித்தான் இருந்தது, எப்போதோ. இப்போது இல்லை.

"நீ கெட்டுப் போயிட்டப்பா" என்றார் பாய், வருத்தமாக.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் கற்றுக்கொள்ளவே இல்லை. யாரிடமும் போய் நிற்கவில்லை, உச்சிச் சரிவில் ஆசைக்குக்கூட இறங்கிப் பழகவில்லை. ஆனால் இத்தனை வருஷமாக என் கால் எனக்குத் தெரியாமலேயே கற்றுக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு மனிதனின் கால் அவனைக் கேட்காமல் இவ்வளவு பெரிய வித்தையைத் தனக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளுமா? என் காலை நானே குனிந்து பார்த்தேன். சந்தோஷப்படுவதா, வேலை போய்விட்டதே என்று அழுவதா என்று தெரியவில்லை.

பாய்க்கு அதெல்லாம் கவலையில்லை. "உன் காலைத் திரும்பச் சுமாராக்கணும். பலகையைத் தோளில வச்சுக்கிட்டு நடந்து ஏறு" என்றார்.

ஏறினேன். ரோப் கார் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்க, பாரமான பூட்ஸோடு பனியில் கால் புதையப் புதைய ஏறினேன். நடு ஸ்டேஷன் வந்தபோது தொடை இரண்டும் வெடவெடவென்று ஆடியது. அதோடு விட்டாரா? இடது காலில் சிவப்பு, வலது காலில் கறுப்பு என்று ஜோடி மாற்றி மாட்டச் சொல்லியிருந்தார். பலரும் ஓட்டி உழுது போட்ட சரிவில், ஓய்ந்துபோன காலோடு, காலுக்கொரு பலகை மேல் நின்றேன். எங்கள் கடையின் அக்னிப் பரீட்சை அதுதான்.

அப்போதுதான் சிவப்பு வாயைத் திறந்தது. காலில் தெம்பு இருந்தவரைக்கும் அது என்னை ஏந்தியது. தெம்பு போனதும் அது என்னை இழுத்தது. ஓரத்தை ஒரு தடவை பனியில் பதித்துவிட்டால் பிறகு விடமாட்டேன் என்றது. இறுகின பனியில், பாதத்தைவிட அகலம் அதிகமானதால் நெம்புகோலாகி முட்டியைப் பக்கவாட்டில் முறுக்கியது. கறுப்போ, நான் தடுமாறின போதெல்லாம் ஓரத்தை விட்டுக்கொடுத்துச் சும்மா வழுக்கியது. தப்புச் செய்தால் தண்டிக்காமல், நீ மெதுவாக நிமிர்ந்துகொள் என்று நேரம் கொடுத்தது. கால் மாற்றிப் போட்டு இன்னொரு தடவை ஏறி இறங்கினேன். அதே கதைதான். நல்ல கால் வைத்திருந்த என்னிடம் இரண்டுமே இதைச் சொல்லவில்லை. கால் ஓய்ந்த பிறகுதான் சொல்லின.

"யாருக்கு?" என்றார் பாய்.

"கறுப்பு, அக்காளுக்கு" என்றேன். நிற்க முடியாமல் பனியில் உட்கார்ந்துவிட்டேன்.

பாவாயி அக்காவுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. "இதென்ன சாமி, எளவு ஊட்டுக்குப் போற மாதிரி கறுப்பக் குடுக்கறே?" என்றார். ஆனாலும் வாங்கிக்கொண்டார். அடுத்து, பூட்ஸைப் பலகையோடு பிடித்திருக்கும் கவ்வி. விழும்போது அது கழன்றுகொள்ள வேண்டும். ரொம்ப இறுக்கினால் கழலாது, முட்டி போய்விடும். ரொம்பத் தளர்த்தினால் திரும்புகிறபோதே கழன்று ஆளைக் கவிழ்த்துவிடும். அவருடைய எடை, வயது, பூட்ஸின் அடிநீளம் எல்லாம் பார்த்து ஒரு அளவில் வைத்தேன். கடைத் தரையில் நிறுத்தி, பாதத்தை முறுக்கச் சொன்னேன். கழன்றது. கொஞ்சம் கூட்டினேன். மறுபடி முறுக்கச் சொன்னேன். இந்தத் தடவை தாங்கியது, பலமாக முறுக்கியபோதுதான் கழன்றது. லாரிப் பட்டைக்கு நான் எத்தனையோ போல்ட் முடுக்கியிருக்கிறேன், ஒரு திருகாணியை இப்படித் திரும்பத் திரும்பச் சரிபார்த்ததில்லை.

மறுநாள் காலையில் வானம் சுத்தமாக இருந்தது. பனி இறுகிப்போய் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. உச்சியில் ரோப் காரை விட்டு இறங்கினோம். அவருக்குப் பின்னால் நான். பாய் கீழே, வழக்கமான இடத்தில்.

முதல் கொஞ்சதூரம் சரிவு தணிவாக இருந்தது. பலகை கரகரவென்று வழுக்க, அகலமாகப் பெருக்கிக்கொண்டே போனார். பிறகு மலை மடிந்து செங்குத்தாக விழுகிற இடம் வந்தது. அக்கா குறுக்காக நின்றுவிட்டார். கீழே தேவதாரு மரங்கள் குச்சிகளாகத் தெரிந்தன. ரோப் கார் ஒன்று எங்களைத் தாண்டிக் காலியாக இறங்கிப் போனது.

"சாமி, அது நடு ஸ்டேசன்ல நிக்குமில்ல?"

"நிக்குமுங்க்கா. மெதுவா ஓரமா நடந்தே போயிக்கலாம். ஒண்ணும் அவமானமில்லீங்க."

அவர் மூச்சுவிடுவது மட்டும் எனக்குக் கேட்டது. வாய் எதையோ முணுமுணுத்தது. குலதெய்வத்தைக் கூப்பிட்டாரோ, என்னைத் திட்டினாரோ. பிறகு பலகையின் மூக்கைக் கீழ்நோக்கித் திருப்பினார்.

நான் எத்தனையோ பெரிய சறுக்குக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். காற்றில் கரணம் அடித்து இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பார்த்து வியந்ததெல்லாம் அன்றைக்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. அவர்களுக்கு மலை பழகிய ரோடு. பாவாயி அக்காவுக்கு ஒவ்வொரு திருப்பமும் புதிதாக எடுக்க வேண்டிய முடிவு. ஒவ்வொரு திருப்பத்துக்கு முன்பும் பயந்தார். பயந்துகொண்டே திரும்பினார். ஒரு இடத்தில் பலகை இரண்டும் விலகி உடம்பு பின்னால் சாய்ந்தது. சிவப்பாக இருந்திருந்தால் அங்கே கடித்து இழுத்திருக்கும். கறுப்பு வழுக்கிக்கொடுத்தது. கைகளை வீசி நிமிர்ந்துகொண்டார். நிற்கவில்லை. நடு ஸ்டேஷன் பக்கத்தில் வந்தது, தாண்டிப் போயிற்று. அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவருக்குப் பின்னாலேயே இறங்கிய எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. இதற்குத்தானா இத்தனை வருஷம் பலகை தூக்கினேன் என்று தோன்றியது. இதற்குத்தான் என்றும் தோன்றியது.

கீழே வந்து பாய்க்கு முன்னால் கோணலாக நின்றார். முகமெல்லாம் சிவந்து, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. பாய் அன்றைக்கு என்னிடம் கேட்கவில்லை. என்னைத் தாண்டி அவரிடம் போனார்.

"தங்கச்சி, பலகை எப்படிம்மா இருந்துச்சு?"

அக்கா திருதிருவென்று விழித்தார். "பலகையா? அத எங்கீங்க பாய் நெனச்சேன்! அது இருந்த நெனப்பே இல்லீங்களே."

பாய் கையிலிருந்த டீயை அவரிடம் நீட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். எத்தனையோ பலகைகளுக்கு எத்தனையோ பேரிடம் பதில் கேட்டவருக்கு, இப்படி ஒரு பதில் அதுவரை வந்ததில்லை.

நான்தான் பொறுக்க முடியாமல் கேட்டேன். "அக்கா, முட்டி எப்படிங்க இருக்குது?"

"அட ஆமா, அது ஒண்ணு இருக்குதில்ல!" என்று சொல்லிவிட்டு, பாவாயி அக்கா குனிந்து வலது முட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.